வெர்னாவுக்குப் புரியாத பேச்சு

ஒரு வீட்டுச் சமையலறையில் முப்பத்தோரு வருடம் நின்றுகொண்டு, தன்னைப் பற்றித் தன் எதிரிலேயே பேசுவதை ஒரு சொல் விடாமல் புரிந்துகொண்டு, ஒன்றும் புரியாத முகத்தோடு உருளைக்கிழங்கு உரிப்பதென்றால் அதற்குத் தனி நெஞ்சழுத்தம் வேண்டும். வெர்னா ஹாக்‌ஷூட்டருக்கு அது இருந்தது. வால்நட் ஹாலோவில் அவளைத் தெரியாதவர்கள் கிடையாது. பதினெட்டு வருடம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள், தெரியாமல் இருக்குமா. ஆனால் அவளுக்குப் பூர்வகுடிகளின் செரோக்கி மொழி தண்ணீர்பட்ட பாடு என்ற சங்கதி மட்டும் அவள் புருஷன் ஜெஸ் ஒருவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

பார்ப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. செம்பட்டை முடி, மூக்கைச் சுற்றிப் புள்ளிப் புள்ளியாக மச்சம், பிறந்த வீட்டில் விட்லோ என்று வெள்ளைக்காரக் குடும்பப் பெயர். டல்சா நகரத்தில் குழாய் பொருத்துகிற வேலை செய்த அப்பாவிடமிருந்து வந்த சொத்து அவ்வளவுதான். அம்மா கென்வுட் மலைப்பக்கத்துச் செரோக்கிக்காரி. அந்த அம்மாவை ஏழு வயதில் வெள்ளைக்காரர்கள் நடத்திய விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அங்கே வீட்டுப் பேச்சில் ஒரு வார்த்தை வாயில் வந்தால் காரச் சோப்பை நாக்கில் வைத்துத் தேய்ப்பார்கள். பேச்சை மறக்கடிக்கத்தான் தேய்த்தார்கள். அவளோ மறக்கவில்லை, ஒளித்து வைக்கக் கற்றுக்கொண்டாள். கல்யாணமாகி டல்சாவுக்கு வந்தபின் சன்னல் திரையை இழுத்து விடுவாள், வானொலியைச் சத்தமாக வைப்பாள், அப்புறம் மகளோடு செரோக்கியில் பேச ஆரம்பித்தாள் என்றால் சோறு ஆறிப்போகும் வரை பேசுவாள். வாசற்படி தாண்டினால் ஆங்கிலம். அது ஒன்றுதான் அந்த வீட்டில் சட்டம்.

வெர்னாவுக்கு இருபத்தேழு வயதாகும்போது அம்மா போய்விட்டாள். மூன்று மாதம் கழித்து, எண்பத்தேழாம் வருடம், வெர்னா ஜெஸ் ஹாக்‌ஷூட்டரைக் கட்டிக்கொண்டு வால்நட் ஹாலோவுக்கு வந்தாள்.

ஜெஸ் அந்த வீட்டின் கடைக்குட்டி. அவனுக்கு மேலே இரண்டு அக்காமார். மூத்தவள் டோர்கஸ், அடுத்தவள் யூனிஸ். அக்காமார் இரண்டு பேரும் செரோக்கியிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். பள்ளியில் அவர்கள் பட்ட அடியைப் பார்த்துவிட்டு, கடைசிப் பிள்ளையாவது முதுகுத் தோல் உரியாமல் படிக்கட்டும் என்று பெற்றவர்கள் அவனுக்கு ஆங்கிலம் மட்டும் பழக்கினார்கள். ஆகவே ஜெஸ்ஸுக்குத் தெரிந்த செரோக்கி இரண்டு வகை. தேவாலயத்தில் பாடுகிற பாட்டுகள் ஒன்று. கட்டைவிரலில் சுத்தியல் விழும்போது வாயில் வருகிறவை இன்னொன்று.

முதல் நாள் டோர்கஸ் வீட்டில் சாப்பாட்டுக்குப் பீன் ரொட்டி செய்துகொண்டிருந்தார்கள். மக்காச்சோள மாவில் வெந்த பயறைப் போட்டுப் பிசைந்து, சோள மடலில் சுற்றி வேகவைக்க வேண்டும். புது மருமகள் பிசைய உட்கார்ந்தாள். டோர்கஸ் அவளைப் பார்த்து ஆங்கிலத்தில், "மிக நன்றாகச் செய்கிறாய், வெர்னா" என்றாள். ஆங்கிலத்தில் டோர்கஸ் மரியாதைப்பட்ட மனுஷி. எண்ணி எண்ணித்தான் வார்த்தையை விடுவாள். அப்படியே தங்கையின் பக்கம் திரும்பிச் செரோக்கியில் சொன்னாள்.

"இவ பிசையறதப் பாருடி. ரொட்டி பிசையறாளா, புருஷன் காலுறைய துவைக்கறாளா?"

"கையில பலம் எங்க இருக்கு அக்கா. காத்தடிச்சா வேலியில போய் ஒட்டிக்குவா போல. நம்ம தம்பிக்கு வேற ஆளே கிடைக்கலியா?"

"கண்ணு தெரியாத பய. சின்ன வயசுல குதிரை உதைச்சதில்ல, அது கண்ணுல உதைச்சிருக்கு."

வெர்னா வாயைத் திறந்தாள். நல்ல சூடான பதில் ஒன்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து மாமனார் உள்ளே வந்து தொப்பியைக் கழற்றி ஜெபம் ஆரம்பித்தார். அந்த மனிதர் ஜெபம் ஆரம்பித்தால் ஆதாமில் தொடங்கி அண்டை வீட்டுக் கோழிவரை யாரையும் விட மாட்டார். இருபது நிமிடம் கழித்து ஆமென் வந்தபோது பதில் ஆறிப்போயிருந்தது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். மறுநாள் இன்னும் ருசியாக ஏதோ பேசினார்கள், கேட்டுக்கொண்டிருந்துவிட்டாள். ஒரு மாதம் ஆனதும் இனிமேல் எந்த முகத்தோடு சொல்வது என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பெயரைக் கேட்க மறந்துவிட்டு, ஐந்து வருடம் வணக்கம் போட்டபிறகு கேட்க முடியுமா என்ன. அந்தக் கதைதான்.

ஜெஸ்ஸுக்குத் தெரிந்தது இரண்டாம் வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்கஸ் வீட்டுச் சாப்பாட்டின்போது யூனிஸ் செரோக்கியில் ஒரு கதை சொன்னாள், ஒரு பிரசங்கியாருடைய கால்சட்டைக்குள் நண்டு புகுந்த கதை. கதை முடிவதற்கு மூன்று விநாடி முன்னாலேயே வெர்னாவின் மூக்கு வழியாகக் காபி வந்துவிட்டது. புரை ஏறிவிட்டது என்று எல்லோரும் முதுகைத் தட்டினார்கள். ஜெஸ் மட்டும் தட்டவில்லை, யோசித்தான். ஊருக்கு வெளியே இருந்த தங்கள் வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"நீ எதுக்குச் சிரிச்ச?"

வேறு வழியில்லாமல் சொன்னாள். ஜெஸ் வண்டியின் ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். சிரித்து ஓய்ந்ததும்தான் அவனுக்குப் பொறி தட்டியது.

"அப்போ எங்கக்காளுங்க என்னைப் பத்தி என்ன பேசுறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியுமே."

"சொல்லு."

"வேணாம் ஜெஸ். நல்லாத்தான் இருக்க இப்ப."

"சொல்லுங்கறேன்ல."

சொன்னாள். நான்கு மைல் தூரம் ஜெஸ் வாயே திறக்காமல் வண்டி ஓட்டினான். பிறகு, "அந்தக் கன்னுக்குட்டி தானாத்தான் கிணத்துல விழுந்துச்சு" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் திரும்புகிற வழியில் பெண்டாட்டி புருஷனுக்கு அவனுடைய சொந்த அக்காமார் பேச்சை மொழிபெயர்த்துச் சொல்வது வழக்கமாகிப்போனது. அந்தப் பன்னிரண்டு மைல்தான் தன் கல்யாண வாழ்க்கையிலேயே சுகமான பகுதி என்று ஜெஸ் பின்னால் ஒத்துக்கொண்டான்.

கேட்டதை மட்டும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் சாது என்று சொல்லலாம். வெர்னா அப்படி ஒன்றும் சாது இல்லை. ஒருமுறை அக்காமார் இருவரும் அவள் முன்னாலேயே உட்கார்ந்து சதி செய்தார்கள். தேவாலயத்து விருந்துக்குக் கனூச்சி காய்ச்சுகிற வேலையை இவள் தலையில் கட்டுவது என்று. ஹிக்கரி மரத்துக் கொட்டையை ஓட்டோடு இடித்துச் சலித்து, உருண்டை பிடித்து, வெந்நீரில் கரைத்து வடிகட்டுகிற கஞ்சி அது. வடிகட்டத் தெரியாதவள் காய்ச்சினால் ஓட்டுச் சில் பல்லைப் பதம் பார்த்துவிடும்.

"ஊரே பல்லப் புடிச்சுக்கிட்டு ஓடட்டும். அப்புறம் அந்த டல்சாக்காரி அடுப்புப் பக்கம் வரமாட்டா" என்றாள் டோர்கஸ்.

வெர்னாவுக்கு இரண்டு வாரம் அவகாசம். அம்மா செய்கிறபடியே இடித்து, அம்மா செய்கிறபடியே மூன்று துணியில் வடித்தாள். விருந்தன்று கிழவர்கள் மூன்றாம் முறை கிண்ணத்தோடு வரிசையில் நின்றார்கள். ஒருவர் அழுதே விட்டார். டோர்கஸ் முகத்தில் ஈயாடவில்லை.

அதற்கப்புறம் வரிசையாக நடந்தது. காட்டுத் திராட்சைச் சாற்றில் மாவு உருண்டை போட்டுச் சாப்பிட்டு எத்தனை வருஷமாச்சு என்று டோர்கஸ் செரோக்கியில் ஏங்கினால், அடுத்த ஞாயிறு வெர்னா ஒரு சட்டி நிறையக் கொண்டுவருவாள். தலைமுடிச் சாயம் தீர்ந்துவிட்டது, ஊர்க் கடையில் வாங்க வெட்கமாக இருக்கிறது என்று யூனிஸ் கிசுகிசுத்தால், செவ்வாய்க்கிழமை அதே நிறத்துப் புட்டி அவள் வீட்டு வாசலில் நிற்கும். அக்காமார் கூடி யோசித்தார்கள். நகரத்தில் வளர்ந்த, மொழி தெரியாத ஒரு பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? மொழி தெரியும் என்று சந்தேகிப்பதுதான் நேர்வழி. எங்கள் ஆட்கள் நேர்வழியில் போனால்தானே. வெர்னா வீட்டுக்குப் பின்னால் ஒரு பாறைச்சரிவு இருக்கிறது. அங்கே முழங்கால் உயரக் குட்டி மனிதர்கள் குடியிருப்பதாகக் காலங்காலமாகச் சொல்வார்கள். அவர்களுக்கு ஒருத்தரைப் பிடித்துப்போனால் அடுத்தவர் மனதில் இருப்பதைக் காதில் வந்து ஓதுவார்கள் என்பதும் கேள்வி.

"அவங்கதான். அவங்கதான் இவளுக்குச் சொல்றாங்க" என்று டோர்கஸ் தீர்ப்பு வழங்கினாள். அதை வெர்னா பக்கத்தில் நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருக்கும்போதுதான் வழங்கினாள். "யூனிஸ், இனிமே இவ பக்கத்துல இருக்கும்போது மனசுல எதையும் நெனைக்காத. ஏதாச்சும் இருந்தா வாயால சொல்லிடு. வாயால சொன்னா இவளுக்குப் புரியாது."

வெர்னா வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அந்தச் சமையலறையில் பேச்சு இரட்டிப்பானது. மனதில் ஒன்றும் தங்கிவிடக் கூடாதென்று பயந்து, இரண்டு பேரும் தோன்றியதையெல்லாம் உடனுக்குடன் கொட்டித் தீர்த்தார்கள்.

விளையாட்டு விளையாட்டாக இல்லாமல் போனது டோர்கஸின் புருஷன் நெட் இறந்தபோது. அடக்கம் முடிந்த மறு ஞாயிறு, பாத்திரம் கழுவுகிற இடத்தில் டோர்கஸும் வெர்னாவும் மட்டும் நின்றார்கள். அவள் கழுவ, இவள் துடைத்தாள். டோர்கஸ் சன்னலைப் பார்த்தபடி செரோக்கியில் பேச ஆரம்பித்தாள். அவன் செத்த அன்றைக்குக் காலையில் காபி கசக்கிறது என்று நெட் சொன்னதையும், பிடிக்கலைன்னா குடிக்காத என்று தான் சொன்னதையும், அவன் குடிக்காமலே வேலிப்பக்கம் போனதையும், அங்கேயே விழுந்து கிடந்ததையும் சொன்னாள். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்துக்குக் கடைசிப் பேச்சு அதுவாகிவிட்டதே என்று சொன்னாள். யாரிடமும் சொல்லவில்லை, யூனிஸிடமும் சொல்ல முடியாது என்றாள். வெர்னா ஒரே தட்டைத் துடைத்துக்கொண்டே நின்றாள். கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டால் புரிந்தது என்று தெரிந்துவிடும். தட்டை அடுக்கில் வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். அந்த நிமிடத்துக்காக அவள் தன்னை என்றைக்கும் மன்னிக்கவில்லை.

அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் பாத்திரம் கழுவும்போது டோர்கஸ் பேசினாள். பையன்கள் போன் செய்வதில்லை என்பதை, முட்டி வலியை, செத்துப்போவதைப் பற்றிய பயத்தை. முடித்ததும் ஆங்கிலத்தில், "உதவிக்கு நன்றி, வெர்னா" என்பாள். பதினோரு வருடம் இப்படி ஓடியது.

இப்படி இருக்கும்போதுதான் வகுப்பு விவகாரம் வந்தது. வால்நட் ஹாலோவின் பொதுக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு முழுக்க முழுக்கச் செரோக்கியிலேயே நடக்கிற ஒரு வகுப்பு வைக்கலாம் என்று செரோக்கித் தலைநகரான தாலெக்வாவிலிருந்து ஒரு குழு சொன்னது. ஒரே நிபந்தனை. சரளமாகப் பேசுகிறவர்கள் ஏழு பேர் உள்ளூரில் இருக்க வேண்டும். குழுவிலிருந்து ஆள் வந்து ஒவ்வொருவரையும் பேசவைத்துக் கேட்டு எழுதிக்கொள்வார். ஏழுக்கு ஒன்று குறைந்தாலும் வகுப்பு பக்கத்து ஊருக்குப் போய்விடும். டோர்கஸ் இரண்டு வருடம் அதற்காக அலைந்தாள். கூடத்தைப் பெருக்கினாள், பன்னிரண்டு குட்டி நாற்காலிகளுக்குத் தானே மண்டியிட்டு மஞ்சள் சாயம் அடித்தாள், அந்த முட்டியோடு. ஏழு பேரையும் சேர்த்துவிட்டாள். ஏப்ரல் கடைசியில் ஏழாமவரான வாட் ஸ்க்ரேப்பர், எண்பத்தாறு வயது, தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தது. டோர்கஸ் மூன்று ஊர் சுற்றிவிட்டு வெறுங்கையோடு வந்தாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜெஸ் பெண்டாட்டியின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"நீ போனா ஏழு."

"நான் போனா எனக்கு அந்த வீடு இல்ல."

"அக்கா கத்துவா. ஒரு வாரம். அப்புறம் சரியாயிடும்."

"கத்துனா பரவாயில்லியே. உனக்குப் புரியல ஜெஸ். நெட் மாமாவப் பத்தி அவங்க சொன்னது எனக்குச் சொன்னதில்ல. சுவத்துக்குச் சொன்னது. பதினோரு வருஷம் ஒரு சுவத்துக்கிட்ட அழுதுட்டு, திடீர்னு அந்தச் சுவரு வாயத் தொறந்தா எப்படி இருக்கும்? நான் திருடி ஜெஸ். அவங்க கண்ணு முன்னாடியே நின்னு திருடியிருக்கேன்."

ஜெஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "சரி. நானே போறேன்" என்றான்.

"நீயா?"

"எனக்கு அறுபது பாட்டு தெரியும். அதுல எத்தன வார்த்தை இருக்கு. எங்கயாச்சும் பொருந்தாமயா போயிடும்?"

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுக்கூடம் நிரம்பியிருந்தது. வெளியே இரும்புக் கொப்பரையில் பன்றிக்கறி பொரிந்துகொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் கொப்பரை ஏறாமல் எந்தக் கூட்டமும் கூடாது. தாலெக்வாவிலிருந்து வந்திருந்தவர் ஹாஸ்டன் டீஹீ, எழுபது வயது, பொல்லாத காது. டோர்கஸ், யூனிஸ், மற்ற நான்கு பேர் என்று ஆறு பேரும் பேசி முடித்தார்கள். ஆறு பெயர் எழுதியாயிற்று. ஏழாவது நாற்காலியில், தேய்த்த சட்டையும் ஈரத் தலையுமாக ஜெஸ் போய் உட்கார்ந்தான். டோர்கஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"காலையில என்ன சாப்பிட்ட, தம்பி?" என்று டீஹீ செரோக்கியில் கேட்டார்.

ஜெஸ் நிமிர்ந்து உட்கார்ந்து, பாவிகளின் மன்னிப்பைப் பற்றிய ஒரு பாட்டின் முதல் வரியைச் சொன்னான்.

டீஹீ தாடையைச் சொறிந்துகொண்டார். "வீட்டுல கோழி எத்தன இருக்கு?"

ஜெஸ் இரண்டாவது வரியைச் சொன்னான். அதில் பரலோகத்தின் வாசல் வந்தது. யாரோ இருமினார்கள்.

"கடைசியா எப்ப மழை பெஞ்சுது?"

பதற்றத்தில் ஜெஸ்ஸுக்குப் பாட்டு மறந்துவிட்டது. கையிருப்பில் மிச்சமிருந்தது சுத்தியல் வகைதான். அதில் நான்கு வார்த்தையைக் கணீரென்று சொன்னான். கூடத்தில் இருந்த கிழவிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூரையைப் பார்த்தார்கள்.

டீஹீ பேனாவை மூடினார். "தம்பி, முதல் ரெண்டு பதிலுக்கு உனக்கு மோட்சம் நிச்சயம். மூணாவதுக்கு நான் பொறுப்பில்ல. எந்திரி."

சிரித்தார்கள், டோர்கஸைத் தவிர. அவள் முன்வரிசையில் மஞ்சள் நாற்காலிகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். வழக்கம்போல வெர்னா அவளுக்குப் பக்கத்தில். டோர்கஸ் யூனிஸிடம் சத்தமில்லாமல் சொன்னாள்.

"ஜார்ஜியாவுலேருந்து அந்தக் காலத்துல பட்டாளத்தான் துப்பாக்கி முனையில நம்மாளுங்கள நடத்திக் கூட்டியாந்தான். ஆயிரம் மைலு. கால்வாசிப் பேரைப் பாதையிலயே பொதைச்சாங்க, பேச்ச மட்டும் பொதைக்கல. அத்தன தூரம் வந்த பேச்சு, ஒரு நாற்காலி தாண்ட முடியாம நின்னுடுச்சு பாருடி."

அவள் குரல் உடைந்ததை வெர்னா கேட்டாள். டோர்கஸ் அழுது அவள் கேட்பது புதிதில்லை. இந்த முறை கேட்டுவிட்டுத் தட்டைத் துடைக்க முடியவில்லை. கால் தானாக எழுந்தது. நடந்துபோய் ஏழாவது நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வெர்னா, அது உனக்கான இடமில்லை" என்றாள் டோர்கஸ் ஆங்கிலத்தில், மரியாதையாக.

டீஹீ செம்பட்டை முடியைப் பார்த்தார், மூக்கு மச்சத்தைப் பார்த்தார். இன்றைக்கு நமக்கு நேரம் சரியில்லை என்கிற முகத்தோடு செரோக்கியில், "ஏதாச்சும் பேசும்மா" என்றார்.

சன்னல் திரை திறந்திருந்தது, வானொலி இல்லை, அறுபது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வெர்னா பேசினாள்.

"எங்கம்மா கென்வுட் பக்கம். அவங்க கத்துக் கொடுத்த பேச்சு இது. நான் இந்த ஊருக்கு வந்த புதுசுல ஒரு விருந்துக்குக் கனூச்சி காய்ச்சினேன், ஞாபகமிருக்கும். அது எப்படி நல்லா வந்துதுன்னு சொல்றேன். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, ஒரு வியாழக்கிழமை, இதோ உக்காந்திருக்காங்களே இந்த ரெண்டு பேரும், முன்னறையில பீன்ஸ் ஆய்ஞ்சுக்கிட்டு, என்னப் பக்கத்துல வச்சுக்கிட்டே என்ன பேசினாங்கன்னா..."

பின்வரிசையில் ஒரு கிழவர் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். விஷயம் வரிசை வரிசையாக முன்னால் வந்தது. சதி, இடி, மூன்று துணி, குட்டி மனிதர்கள், வாயால் சொன்னால் புரியாது என்கிற தீர்ப்பு வரைக்கும் வெர்னா நிறுத்தவில்லை. கூடம் குலுங்கியது. டீஹீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போதும்மா, எழுதிட்டேன், ஏழு, ஏழு" என்றார். அவள் நிறுத்துவதாக இல்லை. முப்பத்தோரு வருடத் தேக்கம், மதகு திறந்தால் சும்மா விடுமா. ஆனால் பாத்திரம் கழுவுகிற இடத்தில் கேட்டவற்றில் ஒரு எழுத்தைக்கூட அவள் வெளியே விடவில்லை.

யூனிஸ் முகத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, விரலிடுக்கு வழியாக, "அந்த விறகுக்கடைக்காரரப் பத்திச் சொன்னேனே, அதுவுமா?" என்றாள்.

"அதுவும்தான், சின்ன அண்ணி."

டோர்கஸ் மட்டும் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனாள்.

வெர்னா பின்னாலேயே போனபோது டோர்கஸ் கொப்பரை அருகே தனியாக நின்று, மரத்துடுப்பால் கறியைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திருப்ப வேண்டிய அவசியமே இல்லாமல் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு தெரியும் உனக்கு, வெர்னா?" என்று டோர்கஸ் ஆங்கிலத்தில் கேட்டாள்.

"எல்லாம், அண்ணி." வெர்னா செரோக்கியில்தான் சொன்னாள்.

"நெட் இறந்த வாரம். பாத்திரம் கழுவும்போது."

"அதுவும்."

"நீ அதை யாரிடம் சொன்னாய்?"

"யார்கிட்டயும் இல்ல. ஜெஸ்கிட்ட மத்ததெல்லாம் சொல்வேன். பாத்திரம் கழுவுற எடத்துல கேட்டது எதையும் சொன்னதில்ல. அது சுவத்தோட இருக்கட்டும்னுதான் இருந்தேன்."

டோர்கஸ் துடுப்பைக் கொப்பரை விளிம்பில் தட்டினாள். இன்னமும் அதே எண்ணி வைத்த ஆங்கிலம். இத்தனை வருடம் வெர்னா ஒளிந்திருந்த இடத்தில் இப்போது அவள் போய் ஒளிந்துகொண்டிருந்தாள். "முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் உன்னைப் பற்றி அவ்வளவு கேவலமாகப் பேசினேன். ஏன் சும்மா இருந்தாய்? எங்களைப் பார்த்துச் சிரிக்கவா?"

"மொதல்ல சிரிக்கத்தான். பொய் சொல்ல மாட்டேன்." வெர்னா கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். "அண்ணி, எங்கம்மா போயி மூணு மாசம் ஆயிருந்தது. அந்த மூணு மாசமும் இந்தப் பேச்சு ஒரு வார்த்தை என் காதுல விழல. டல்சாவுல யார்கிட்டப் போயி கேக்கறது? அன்னிக்கு உங்க வீட்டுக்குள்ள வந்தேன். நீங்க என்னைத்தான் திட்டுனீங்க. ஆனா எங்கம்மா பேச்சுல திட்டுனீங்க. நான் வாயத் தொறந்தா நிறுத்திடுவீங்க. மரியாதையா, இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சுடுவீங்க, இப்ப பேசறீங்களே, இதே மாதிரி. அதுக்குப் பயந்துக்கிட்டுத்தான் சும்மா இருந்தேன்."

உள்ளே யூனிஸை யாரோ விறகுக்கடைக்காரரைப் பற்றி விசாரிக்கிற சத்தமும் சிரிப்பும் கேட்டன. டோர்கஸ் மூக்கை உறிஞ்சினாள். அடுத்து அவள் பேசியது செரோக்கியில்.

"உங்கம்மா உன்ன வெர்னான்னா கூப்பிட்டா?"

"இல்ல."

"பின்ன?"

அம்மாவை அடக்கம் செய்த பிறகு அந்தப் பெயரை யாரும் உச்சரித்தது கிடையாது. ஜெஸ்ஸிடம்கூடச் சொன்னதில்லை.

"வலோசி" என்றாள்.

டோர்கஸின் துடுப்பு நின்றது. "தவளையா?"

"சின்னதுல நான் வாய மூடவே மாட்டேனாம்."

டோர்கஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் தோள் ஒருமுறை குலுங்கியது, பிறகு இன்னொருமுறை. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று கண்டுபிடிக்க முடியாதபடி மேலங்கியின் ஓரத்தால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடித்ததும் பழைய டோர்கஸாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உள்ளே கூடத்துக்கே கேட்கும்படி கூப்பிட்டாள்.

"ஏ வலோசி. மரம் மாதிரி நிக்காதடி. அந்தத் தட்ட எடுத்துக்கிட்டு வா, கறி கருகுது."

வெர்னாவுக்குக் கண் மறைத்தது. தட்டு எங்கே இருக்கிறதென்று தெரியாமல் மேசைமேல் கையால் துழாவிக்கொண்டே, "இதோ வரேன், அண்ணி" என்றாள்.